கீழே விட்ட மூன்று அங்குலம்

தாராவியில் பெரிய போட்டோ அடிக்க வேண்டும் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கடையைத்தான் காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோல் பட்டறையில் பசை தடவிக்கொண்டிருந்த கை இது. இருபத்து நான்கு அங்குல அகலத்துக்கு ரோல் பேப்பர் போடுகிற மெஷினை நான் இறக்கியபோது, கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் பேசிவிட்டுப் போனார். எனக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை. பொத்தான்களின் மேல் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்தே பழகினேன். ஆறு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். அவர் ரோலை மாட்டினார், பேப்பர் கோணிக்கொண்டு போனது. நான் மாட்டினேன், நேராகப் போனது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ரோல் பேப்பரில் நான்கு பக்கமும் ஒரே அளவு வெள்ளை விட்டு அடிப்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும். மெஷினை அதன் போக்கில் விட்டால் தலைப்பக்கம் ஒரு நூல்கூட விடாது. வால்பக்கம் உருளை பேப்பரைப் பிடித்திருக்கிற இடம், அங்கே அரை அங்குலத்துக்கு மேல் விட்டுவிடும். அதனால் மெஷின் விடுகிற வெள்ளையை நான் நம்புவதே இல்லை. படத்தோடேயே சுற்றிலும் வெள்ளையைச் சேர்த்துக்கொள்வேன். நான்கு மூலையிலும் மயிரிழை அளவுக்குக் கோடு போட்டு, பேப்பரை நீளமாகவே ஓடவிட்டு, வெளியே வந்ததும் இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் கையில் வெட்டுவேன். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் கையில் அந்த ஒரு நூலும் தப்பாது. அம்பர்நாத்திலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் ரயிலேறி வந்து என்னிடம் அடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணப் படம், கடை திறப்புப் படம், குழந்தைக்கு முதல் வயதுப் படம் எல்லாவற்றுக்கும் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம். இறந்தவர்கள் படத்துக்கு மட்டும் வேறு கணக்கு. மூன்று பக்கம் ஒன்றரை, கீழே மூன்று. அந்தக் கீழ் வெள்ளையில்தான் பெயரும், தோற்றம் என்று ஒரு தேதியும், மறைவு என்று ஒரு தேதியும் எழுத வேண்டும். நான் பார்த்துப் பார்த்து வைத்த அளவு அது. கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பக்கமாகவே போட்டு வைத்திருக்கிறேன். முகத்தை அதில் கொண்டுபோய் வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக அமைந்துகொள்ளும். எங்கள் ஆட்கள் வீட்டுச் சுவரில் ஒரு படத்தைத் தூரத்தில் நின்று பார்த்தாலே போதும். முகம் தெரியாவிட்டாலும் கீழே விட்ட வெள்ளையை வைத்து, படத்தில் இருப்பவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இது என் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் முதலில் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கடை வந்த பிறகு, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு அப்படியே வந்து கடையில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடம். நான் வெட்டிய படத்தை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். டேப்பை எடுக்க மாட்டாள், கண்தான். "வலது பக்கம் கூட இருக்கு, திருப்பி அடிங்க" என்பாள். நான் சண்டை போடுவேன். பிறகு அவள் பார்க்காதபோது அளந்து பார்ப்பேன். பிறகு திருப்பி அடிப்பேன். என் மார்ஜின், என் மார்ஜின் என்று ஊர் சொன்னதில் அவள் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதத்தில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், சதையை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னையும் என் மகனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி அறுத்துப் பிரயோஜனம் இல்லை, மூன்று நான்கு மாதம் என்றார். வெளியே பெஞ்சில் அவள் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னவாம்?" என்றாள். "வயித்துப் புண்ணுளா. காரம் ஆகாதாம். மீனு ஆகாதாம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதற்காக அன்றிலிருந்து அவளுக்கு மோர்ச்சோறும் இட்லியும்தான். மருமகளும் அதையே சொன்னாள், மகனும் அதையே சொன்னான். வீட்டில் எல்லாரும் பொய்யை ஒன்றுபோலக் கட்டிக் காத்தோம். அவள் தெரிந்துகொண்டால் அன்றைக்கே பாதி போய்விடுவாள் என்று எனக்கு ஒரு பயம். இருக்கிற நாளை அவள் பயமில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும், அது ஒன்றுதான் நான் கேட்டது.

ஜூனில் முதல் மழை விழுந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். மாடியில் காற்று அடித்தது. மருமகள் கீழே தெருவில் சுட்ட சோளக்கருது வாங்கி வந்தாள். அன்றைக்கு ஒரு கருதை என் மனைவிக்குக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. அவள் அதைக் கடிக்கப் போகும்போது சேலைத் தலைப்பு பறந்து முகத்தில் விழுந்தது. அவள் அதைத் தள்ளிக்கொண்டு சிரித்த நேரத்தில் மருமகள் போனில் ஒரு படம் எடுத்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இதப் பெருசா அடிச்சுக் குடுங்க. இவன் வீட்டு ஹால்ல மாட்டணும்" என்றாள்.

"அத்த, கையில கருதோட இருக்கே. வேற ஒண்ணு எடுக்கவா?" என்றாள் மருமகள்.

"கருதோடதான் வேணும். கையில கருது இருக்கிற படத்துக்கு எவனும் மால போட மாட்டாம்லா."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மகன் எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டான். நான், "ராணி மாதிரி அடிச்சுத் தாரேன் பாரு" என்றேன்.

"ராணி கீணி வேண்டாம். நாலு பக்கமும் ஒண்ணு போல வெள்ள விட்டுத் தாங்க, அது போதும்."

மறுநாள் கடையில் காலையிலிருந்தே வேலை. பாண்டுப்பிலிருந்து ஒன்று, தேவ்நாரிலிருந்து ஒன்று, இரண்டும் இறந்தவர்கள் படம். இரண்டையும் அடித்து வெட்டிக் கொடுத்துவிட்டு, அதே சூட்டில் அவள் படத்தை எடுத்தேன். போன் படம்தான், ஆனாலும் முடி முடியாகத் தெரியும்படி நான் சரிசெய்தேன். வேறு யாராலும் அப்படி முடியாது. மெஷினை ஓடவிட்டு முன்னால் நின்றேன். தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. பறக்கிற சேலை வந்தது. கண்ணும் சிரிப்பும் கருதும் வரி வரியாக இறங்கின. இரண்டு மாதம் கழித்தும் நான் இதே இடத்தில் நிற்பேன், அப்போது எதை அடித்துக்கொண்டிருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு மெஷினில் என்ன இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. ஸ்கேலை வைத்தேன், மூலைக் கோட்டைப் பிடித்து வெட்டினேன். கை தானாக வெட்டியது.

கடைக்கு மேலேதான் எங்கள் அறை. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். தகரத்தில் மழை சத்தம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தரையில் படத்தை விரித்து, மேல் மூலைகளில் அவள் மாத்திரை டப்பாவையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்தேன். கீழ்ப்பக்கம் சுருண்டுகொண்டே வந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்தேன்.

"நல்லா வந்திருக்கு" என்றாள். சிரித்தாள். "பல்லெல்லாம் தெரியுது."

பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. என் கை அமுக்கியிருந்த இடத்துக்கு வந்தாள். என் விரல்களை எடுத்துவிட்டு, அந்த வெள்ளையில் தன் விரல்களைப் படுக்க வைத்தாள். நான்கு விரலும் உள்ளே அடங்கின. அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"இங்க யாரு பேர எழுதணும்?" என்று கேட்டாள்.

நான், "மெஷினு வால்பக்கம் கூட விட்டுருக்குளா. அது அப்படித்தானே, உனக்குத் தெரியாதா" என்றேன்.

"மெஷினு அர இஞ்சு விடும். இது மூணு. என்கிட்டயேவா."

"காலையில ரெண்டு சாவுப் படம் அடிச்சேன். அதே பக்கத்துல இதயும் வச்சுட்டேன் போல. பழக்க தோசம்."

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் என்னைப் பார்த்த கண். மார்ஜினில் ஒரு நூலைப் பிடிக்கிற கண்ணுக்கு என் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்.

"டாக்டரு எத்தன மாசம்னாரு?"

கீழே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. "மூணு நாலுன்னாரு" என்றேன்.

"எப்பச் சொன்னாரு?"

"போன மாசம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "புண்ணு புண்ணுன்னு சொல்லி ஒரு மாசமா மோருஞ்சோறுமா போட்டியளே. ஒரு துண்டு மீனு கண்ணுல காட்டலியே. நாளைக்குப் போயி வஞ்சிரம் வாங்கிட்டு வாங்க. காரமா வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "தாராவியில பெரிய ஆளு" என்றாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தேன். கீழே ஒன்றரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டால் நான்கு பக்கமும் சரியாகிவிடும். உண்மையில் அளவில் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டுனா ஆச்சா? இது எதுக்கு அடிச்சதுன்னு எனக்குத் தெரியும்லா. புதுசா அடிங்க. நாலு பக்கமும் ஒண்ணு போல. நான் இருக்கும்போதே நான் பாக்கணும்."

அந்தப் படத்தை முகம் உள்ளே போகும்படி சுருட்டி, கடைப் பரணில் பேப்பர்க் குழாய்களுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

ஒரு நாளில் நாற்பது படம் அடித்தவன் நான். அந்த ஒரு படத்துக்கு ஒன்பது நாள் ஆனது. மெஷினில் இருந்த ரோல் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. குழாயை ஒட்டிய பேப்பர் சுருண்டு எழுந்து மை தெளிக்கிற தலையில் உரசி, அவள் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. அதை எடுத்துப் போட்டேன். மகன் ரயிலேறிக் கோட்டைப் பக்கம் இருக்கிற பேப்பர்க் கடைக்குப் போய்ப் புது ரோல் வாங்கி வந்தான். மழைக்காலத்தில் புது ரோல் ஈரத்தைக் குடிக்கும், அதை இரண்டு நாள் மின்விளக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். பிறகு அடித்ததில் பேப்பர் கோணிப் போனது. முப்பது அங்குலத்துக்குள் வலது பக்கம் இரண்டு நூல் ஏறிவிட்டது. ரோலைக் கழற்றி, ஓரத்தைத் தட்டி, மறுபடியும் மாட்டினேன். இன்ஜினியருக்கே ரோல் மாட்டிக் காட்டியவன் மூன்று தடவை மாட்டினேன். மகன், "எப்பா, தள்ளுங்க, நான் மாட்டுதேன்" என்றான். நான் விடவில்லை.

இதற்குள் அவளுக்கு வாந்தி நிற்காமல் போய், பரேலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வஞ்சிரத்தை அவள் சாப்பிட்டது ஒரு நாள்தான்.

ஒன்பதாம் நாள் படம் சரியாக வந்தது. வெட்டுவதற்கு முன்னால் அளந்தேன், வெட்டிய பிறகு அளந்தேன், குழாயில் போடுவதற்கு முன்னால் மறுபடியும் அளந்தேன். நான்கு பக்கமும் ஒன்றரை. பிளாஸ்டிக் சுற்றி, மழையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு மணிக்கு வார்டு வாசலுக்குப் போனேன். அங்கே இருந்த ஆயா, எல்லாருக்கும் மாவ்ஷி, குழாயைப் பார்த்துவிட்டு, "காகா, பந்தூக் லாயே க்யா?" என்று கேட்டாள், துப்பாக்கியா என்று. போட்டோ என்றேன். அவளும் பார்க்க வேண்டுமென்று கூடவே வந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் நான் மேல் மூலைகளைப் பிடித்தேன், மருமகள் கீழ் மூலைகளைப் பிடித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மராட்டி அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கணீஸ்" என்று சோளக்கருதைக் காட்டிச் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு இப்போது வேறு வேலை இருந்தது. கையைத் தூக்க முடியாததால் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள். கண்ணை இடது ஓரத்தில் வைத்து மெதுவாக மேலிருந்து கீழே இறக்கினாள்.

"இடது சரி" என்றாள். "கீழ சரி." வலது பக்கம் ஏறினாள். "இதுவும் சரி." பிறகு மேலே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேல ஒரு நூல் கூட இருக்கு."

"கூடக் கெடையாது" என்றேன். "மூணு தடவ அளந்தேன்."

"அளந்தா என்ன? கூடத்தான் இருக்கு."

"ஏளா, இரும்பு ஸ்கேலு வச்சு அளந்தேன்."

மருமகள், "மாமா, அத்த சும்மா உங்கள சீண்டுதாவ" என்றாள். அதற்குத்தான் என் மனைவி சிரித்தாள். மாடியில் சிரித்த சிரிப்பு இல்லை, உதடு மட்டும். நான் தோற்றுப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சண்டையை விட்டுவிட்டேன். அவளுக்கு அது பிடிக்கும்.

படத்தைச் சுருட்டும்போது, "இதுல ஒண்ணும் எழுத விடாதிய" என்றாள்.

"எழுத எடம் ஏது இதுல."

"அதான்" என்றாள்.

பதினோரு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு அவள் போனாள். நான் அப்போது வார்டில் இல்லை. மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன்.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே. மகன் பரணில் தேடியிருக்கிறான். நான் மேலே அறையில் இருந்தேன். ஏணியில் வந்து நின்றான், கையில் சுருட்டிய பேப்பர். அதை விரித்துக் காட்டினான்.

"எப்பா, நீங்க ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கிய. அளவெல்லாம் கச்சிதமா இருக்கு. தேதி மட்டும் எழுதுனாப் போதும்" என்றான். அதில் குத்தல் இல்லை. அப்பா முன்னாலேயே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார் என்று அவனுக்கு மரியாதை.

நான் வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கம் ஒன்றரை, கீழே மூன்று. ஒரு நூல் தப்பில்லை. கண் பாராமல் வெட்டிய வெட்டு.

"இது வேண்டாம்" என்றேன். "கருது இருக்கு. வேற படத்த அடி."

ரேஷன் கார்டுக்காக எடுத்த அவள் படத்தை அவன் தேடி எடுத்துக் கீழே போனான். கால் மணி நேரத்தில் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். தோற்றம், மறைவு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம்.

சோளக்கருதுப் படத்தை அடுத்த மாதம்தான் சட்டம் போடக் கொடுத்தேன். சட்டம் போடுகிற பாய் நம் ஊர்ப் பக்கத்து ஆள், என் கடைக்கு நாலு கடை தள்ளி. அவர் படத்தை விரித்து, மேலே கண்ணாடியை வைத்து, தள்ளி நின்று பார்த்தார். பிறகு டேப்பை எடுத்தார்.

"அண்ணாச்சி, மேல ஒரு நூல் கூட இருக்கே" என்றார். "உங்க கையில இப்படி வராதே. மழ ஈரத்துல பேப்பரு இழுத்துட்டோ என்னமோ. தட்டி எடுத்துரவா?"

நான் அவர் கையிலிருந்து டேப்பை வாங்கி அளந்தேன். ஒன்றரையும் ஒரு நூலும். இன்னொரு இடத்தில் அளந்தேன். அங்கேயும் அப்படித்தான். ஈரமாக இருக்கலாம். அல்லது அன்றைக்கு மூன்று தடவையும் நான் சரியாக அளக்காமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபோது நான் ஒரு தடவையாவது, சரி, கூடத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் அவளிடம் நேராக அப்படிச் சொன்னதில்லை. திருப்பி அடித்துக் கொடுத்ததோடு சரி.

"விடுங்க பாய்" என்றேன். "அப்படியே போடுங்க."

செம்பூரில் மகன் வீட்டு ஹாலில் அந்தப் படம் இருக்கிறது. மாலை கிடையாது, தேதி கிடையாது. வருகிறவர்கள் யாராவது, பாட்டி ஊருக்குப் போயிருக்காங்களா என்றுகூடக் கேட்டுவிடுகிறார்கள். நான் போனால் செருப்பைக் கழற்றியதும் முதலில் மேல் ஓரத்தைப் பார்ப்பேன். பிறகுதான் முகம்.

கடையில் இப்போதும் யாராவது என் மார்ஜினைப் புகழ்ந்தால் நான் மறுத்துச் சொல்வதில்லை. படத்தை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால், அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை தூக்கிக் காட்டுகிறேன். அங்கே இப்போது பேப்பர்க் குழாய்களைச் சாத்தி வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருக்கிறேன். பிறகு சுருட்டிக் கொடுத்துவிடுகிறேன்.